குண்டில்லாத் துப்பாக்கி என்று ஒன்று உண்டா?

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவர், தேசிய மாணவர் படை)

திண்டுக்கல் என்றதும் வெளியூர் நண்பர்கள் பூட்டைச் சொல்வார்கள். அடுத்தபடியாகப் பிரியாணியைச் சொல்வார்கள். துப்பாக்கியைச் சொல்பவர் எவருமிலர். ஆனால் வரலாறு படிக்கும் நமக்குத் தெரியும்: 1755ஆம் ஆண்டில் இவ்வூருக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுத் தொழில் வல்லுநர்களின் துணையோடு படைக்கலச் சாலை ஒன்றை இங்கேதான் அமைத்தார். 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1792 உடன்படிக்கையால் தமதாக்கிக்கொண்ட மலைக்கோட்டையில் பீரங்கி மேடைகளையும் வெடிமருந்துக் கிடங்கையும் இன்றும் காணலாம். விருப்பாட்சி கோபால் நாயக்கரின் பாளையமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே துப்பாக்கியைப் பற்றித் திண்டுக்கல் மாணவன் பேசுவது ஊருக்குப் பொருந்தாத பேச்சு ஆகாது.

நான் பேச வந்தது போரைப் பற்றியோ வீரத்தைப் பற்றியோ அன்று. அவற்றைப் பற்றிப் பேச மேடைகள் பல உள்ளன. ரைஃபிளைக் கையில் எடுப்பவன் அதை எப்படி எடுக்க வேண்டும், எங்கே நீட்டக்கூடாது, எப்படிக் கீழே வைக்க வேண்டும் என்னும் மூன்று சின்னக் காரியங்களைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். சின்னக் காரியங்கள்தான், இவற்றில் ஒன்று தவறினாலும் உயிர் போகிறது. இவற்றை என்.சி.சி. மாணவர்களுக்கு மட்டும், அதுவும் ஆண்டுக்கொரு முறை முகாமில் அவசர அவசரமாகச் சொல்லிக் கொடுத்தால் போதாது; கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. ஆசிரியப் பெருமக்களில் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் சொல்லும் மறுப்புக்குப் பின்னால் வருகிறேன்.

'நமக்கெதற்குத் துப்பாக்கி? அமெரிக்காவா இது?' என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. 2019இல் வந்த திருத்தம் உரிமம் பெற்றவருக்கும் இரண்டுக்கு மேல் கூடாது என்றது. இவ்வளவு கட்டுப்பாடுள்ள நாட்டில் துப்பாக்கியைக் காண்பதே அரிது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். வங்கி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலர் மடியில் ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் கிடக்கிறது. பெரும்பாலும் அவர் ஓய்வு பெற்ற ராணுவத்தினர். பணியில் இருந்தபோது குழலை எந்தத் திசையில் வைக்க வேண்டுமென்று நன்றாக அறிந்தவர். ஆனால் வெயிலும் சலிப்பும் சேர்ந்த பிற்பகலில் அந்தக் குழல், பணம் எடுக்க வரிசையில் நிற்கும் நம் இடுப்பளவில் நீண்டு கிடப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! வரிசையில் நிற்பவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கிராமங்களில் பெரிய தோட்டக்காரர் வீட்டில் தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி ஒன்று இருக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கி வருவதுமாக அது ஊருக்கெல்லாம் தெரிந்த பொருள். மலையடிவாரங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாக நாளிதழில் வரும் செய்திகளை நாம் படிக்காமலில்லை. இவற்றோடு என்.சி.சி.யின் புள்ளி 22 ரைஃபிளும் சேர்ந்தால், ஒரு கலைக்கல்லூரி மாணவன் துப்பாக்கிக்கு அருகே நிற்க நேரும் சந்தர்ப்பங்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கியிலிருந்து வந்து நம் நாவில் பழகிய சொல். எல்லாத் துப்பாக்கியும் ரைஃபிள் ஆகாது. குழலின் உட்புறத்தில் திருகுபோல் பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்துவதுதான் ரைஃபிள். பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதைப் போல, சுழலும் குண்டு தன் பாதையை விட்டு எளிதில் விலகாது. அதன் பலன் துல்லியம். அதன் ஆபத்து தூரம். பறவை சுடும் சிதறு குண்டு சில நூறு அடியில் ஓய்ந்துவிடும். முகாமில் நாம் 25 கஜத்தில் அட்டையைச் சுடும் புள்ளி 22 குண்டு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆனால் தடுப்பார் இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழ வல்லது. நம் பயிற்சியாளர்கள் காலமெல்லாம் தோளில் சுமந்த புள்ளி 303 ரைஃபிளின் குண்டு அதைவிடப் பன்மடங்கு விசையுடையது. 'சின்ன ரைஃபிள்தானே' என்று புள்ளி 22ஐப் பற்றி மாணவர்கள் சொல்லும் சொல் என்னைப் பொறுத்தவரை பேதைமை.

தூரம் என்று சொன்னேன். அதன் விலை என்னவென்பதைத் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் கண்டது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று உண்டு. டிசம்பர் 30ஆம் நாள் காலை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்குப் பயிற்சி செய்தனர். தளத்துக்கு வெளியே, கண்ணுக்கெட்டாத தொலைவில், தாத்தா வீட்டில் உட்கார்ந்து காலை உணவு உண்டுகொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் போராடி, 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தளம் அரசு அங்கீகரித்த தளம். பின்னால் மலையும் உண்டு. ஆயினும் குண்டு போயிற்று.

அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரும் 'யார் சுட்டது?' என்றே கேட்டனர். அக்கேள்வி வேண்டியதுதான், நீதிக்கு அது தேவை. ஆனால் ரைஃபிளைத் தொடுபவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'என் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது?' இலக்கைப் பார்ப்பது கண்ணின் வேலை. இலக்குக்குப் பின்னால் பார்ப்பது அறிவின் வேலை. முகாமில் சுடும் மேட்டிலிருந்து பார்த்தால் அட்டைக்குப் பின்னால் மண்மேடு தெரியும். அந்த மண்மேடுதான் அங்குள்ள எல்லாவற்றிலும் முக்கியமான பொருள். ரைஃபிள்கூட அதற்கு அடுத்தபடிதான். ஆனால் மாணவர்களில் எத்தனைபேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஐந்து தோட்டாவில் எத்தனை அட்டையில் பட்டது, ஐந்தும் ஒரு ரூபாய் அகலத்துக்குள் குவிந்ததா என்பதே பேச்சு. படாத தோட்டா எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை.

இங்கேதான் நம் நிலத்தின் அமைப்பைச் சற்று நினைக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளி ஒரு தட்டுப் போன்றது. கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், நடுவே பாறைக்குன்று. மற்றபடி வயலும் தோட்டமும் கண்மாயும் கரட்டு நிலமும். இடையில் ஆடு மேய்ப்பவர் இருப்பார். களை எடுக்கும் பெண்கள் குனிந்திருப்பார்கள், தலை தெரியாது. முருங்கை ஒடிக்க ஏறியவன் கிளைக்குள் மறைந்திருப்பான். இந்த நிலத்தில் தரைக்கு இணையாகச் சுடும் குண்டைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. பாறை நிறுத்துமே என்பவர் உண்டு. அது பெருந்தவறு. தாழ்ந்த கோணத்தில் கருங்கல்லில் படும் குண்டு தெறித்து வேறு திசையில் பாயும். நிறைந்த கண்மாயின் நீர்ப்பரப்பில் பட்டாலும், நாம் சிறுவயதில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போலத் தத்திப் போகும். மண் ஒன்றே குண்டை விழுங்கும். பாறையும் நீரும் அதைத் திருப்பி அனுப்பும்.

காட்டுப்பன்றித் தொல்லையை அறியாத உழவர் நம் மாவட்டத்தில் குறைவு. மக்காச்சோளமும் நிலக்கடலையும் ஓர் இரவில் புழுதியாகிப் போவதைப் பார்த்தவனிடம் சென்று அகிம்சை பேசினால் அவன் சிரிப்பான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கொரு முறை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உழவர் தாமே சுட அனுமதி வேண்டுமென்று கேட்போர் பலர். அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இவ்விஷயத்தில் அரசின் பக்கமே நிற்கிறேன். காரணம் பன்றியின்மேல் உள்ள இரக்கம் அன்று. பன்றி வருவது இரவில். சோளக்கொல்லையில் அசைவது பன்றியா, பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட வந்தவனா என்று டார்ச்சு வெளிச்சத்தில் தெரியாது. இலக்கே தெரியாத இடத்தில் இலக்குக்குப் பின்னால் உள்ளது எப்படித் தெரியும்? பயிற்சி பெற்றவன் சுட்டாலே நார்த்தாமலை நடக்கிறது.

நாட்டுத் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு சொல். குழல்வாய் வழியே கருமருந்தும் பால்ரஸும் இட்டுக் கெட்டிக்கும் அந்த வகையில், உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்த்த அளவில் தெரியாது. போல்ட்டை இழுத்துப் பார்ப்பதற்குப் போல்ட்டே இல்லை. ஆறு மாதத்துக்குமுன் அண்ணன் கெட்டித்து வைத்ததைத் தம்பி பரணிலிருந்து இறக்கித் துடைக்கலாம். சட்டம் அதைத் தடை செய்திருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு என்றாலும், இந்த ஒன்றே எனக்குப் போதும்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். குண்டில்லாத் துப்பாக்கி என்று ஒன்று உண்டா? பொருளளவில் உண்டு. கையாள்பவன் மனத்தளவில் இல்லை. அமெரிக்க மரைன் படை வீரராக இருந்து துப்பாக்கிப் பயிற்சிக்கே வாழ்நாளைச் செலவிட்ட ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்துப் பரப்பிய விதிகள் இன்று உலகெங்கும் சொல்லித் தரப்படுகின்றன. அவற்றில் தலையாயது, எந்தத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு நிரம்பியதே என்று கொள்ள வேண்டும் என்பது. ஏனைய விதிகளாகிய, சுட விரும்பாத எதன்மேலும் குழலை நீட்டாதே, குறி பார்த்து முடிக்கும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதன் பின்புறத்தையும் அறிந்துகொள் என்பனவெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. இவற்றின் அழகு என்னவென்றால், ஒன்றை நீங்கள் மறந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். விரல் தவறி விசையை அழுத்தினாலும் குழல் மண்ணை நோக்கியிருந்தால் மண் மட்டுமே காயப்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் மறப்பவனுக்குத்தான் விபத்து.

'காலிதான், பயப்படாதே' என்ற சொல்லுக்குப் பின்னால் நிகழ்ந்த சாவுகள் எல்லா நாட்டிலும் உண்டு. 2021 அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் திரைப்படத்தின் படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த கைத்துப்பாக்கி வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார், இயக்குநர் காயமடைந்தார். உண்மைத் தோட்டா இல்லை என்றே சொல்லி அத்துப்பாக்கி கொடுக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தவர், வாங்கியவர், சுற்றி நின்றவர் எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். ஆயுதப் பொறுப்பாளராக இருந்த பெண்மணிக்கு 2024இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 'காலி' என்ற சொல்லை நம்பியதுதான் அங்கே நடந்த பிழை. இன்னொருவர் சோதித்தது நமக்குச் சோதனை ஆகாது. கை மாறும் ஒவ்வொரு முறையும் கொடுப்பவரும் திறந்து காட்ட வேண்டும். வாங்குபவரும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாயிருந்தால் விரலை நுழைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். இதில் கூச்சத்துக்கோ மரியாதைக்கோ இடமில்லை. மூத்தவர் கொடுத்ததைச் சோதிப்பது அவரை ஐயுறுவதாகாதா என்று நம் வளர்ப்பு நம்மைத் தயங்க வைக்கிறது. அந்தத் தயக்கம் திருமண வீட்டுப் பந்தியில் இருக்கட்டும்.

சோதிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. இதைப் பலர் அறியார். தோட்டா அடுக்கும் மேகசீனை முதலில் கழற்றவேண்டும். அதன்பின் போல்ட்டை இழுத்துக் குழலின் அறையைப் பார்க்கவேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது போல்ட்டை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, போல்ட்டை மூடிய பிறகு மேகசீனைக் கழற்றினால், போல்ட் மூடும்போதே மேகசீனிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். கையில் மேகசீன், தரையில் ஒரு தோட்டா, பார்ப்பவருக்குத் துப்பாக்கி காலி. உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டே செயல், வரிசை மாறினால் ஒன்று உயிர், ஒன்று சாவு.

சுட்டு, தோட்டா வெடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதும் கவனிக்கத்தக்கது. இயல்பாக எல்லோரும் செய்வது, ரைஃபிளைத் திருப்பிக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பது! அறியாமை சிரிப்பை வரவழைக்கும் இடங்கள் உண்டு. இது அத்தகைய இடமன்று. மருந்து சில வேளை தாமதித்துத் தீப்பற்றும். குழலை இலக்கை நோக்கியே வைத்து, அரை நிமிடமாவது பொறுத்திருந்து, கையை உயர்த்திப் பயிற்சியாளரை அழைக்க வேண்டும். அதுபோல, மாதக் கணக்கில் கிடந்த துப்பாக்கியைச் சுடுமுன் குழல் துப்புரவாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் சாவித்துளையைக்கூட விட்டுவைக்காத குளவி, துப்பாக்கிக் குழலை மட்டும் விட்டுவிடுமா? மண் அடைத்த குழலில் சுட்டால் குழலே வெடிக்கும். அங்கே பாதிக்கப்படுவது சுட்டவனின் முகம்.

பூட்டு நினைவுக்கு வந்துவிட்டது. நாகல்நகர்ப் பட்டறைகளில் கையால் அராவிச் செய்யும் நம் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று அதில் எத்தனையோ வகை. கோயில் உண்டியலுக்கும் தானியக் குதிருக்கும் பூட்டுச் செய்து கொடுத்த ஊர் இது. (ஆங்கிலேயர் பழைய துப்பாக்கியின் சுடும் பொறிக்கே பூட்டு என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள் என்பது ஒரு வேடிக்கை.) உரிமத் துப்பாக்கி உள்ள வீடுகளில் பீரோவில் நகையைப் பூட்டுகிறார்கள், துப்பாக்கியை ஆணியில் மாட்டுகிறார்கள். நகை போனால் திரும்ப வாங்கலாம். 2016இல் பஞ்சாபின் பதான்கோட்டில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் உரிமக் கைத்துப்பாக்கியை எடுத்து நெற்றியில் வைத்துச் செல்ஃபி எடுக்க முயன்றான். கைபேசியை அழுத்துவதற்குப் பதில் விசையை அழுத்திவிட்டான். அந்த வீட்டில் துப்பாக்கி ஓர் இடத்திலும், தோட்டா வேறோர் இடத்திலும், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டுமாக இருந்திருந்தால் அவன் இன்று நம் வயதைக் கடந்திருப்பான். 2016இன் ஆயுத விதிகள் உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் உரிமம் தந்தையின் பெயரில், பயிற்சியும் தந்தைக்கு, பீரோவைத் திறக்கத் தெரிந்தவன் மகன்.

இப்போது ஆசிரியப் பெருமக்களின் மறுப்பு. 'சொல்லிக் கொடுத்தால் ஆசை வளரும். காந்திகிராமம் இருக்கும் மாவட்டத்தில் துப்பாக்கிப் பாடமா?' என்று என் மதிப்புக்குரிய பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயுதமேந்தாத சாந்திசேனையை மாணவர்களிடையே வளர்த்த நிறுவனம் நமக்கு அடுத்த ஊரில் உள்ளது என்பது நமக்குப் பெருமையே. ஆனால் ஆசை ஏற்கெனவே வளர்ந்துவிட்டது, ஐயா. அதைத் திரையரங்கு வளர்த்துவிட்டது. கதாநாயகன் துப்பாக்கியை விரலில் சுழற்றுகிறான், நண்பனின் நெற்றியில் வைத்து வசனம் பேசுகிறான், வெற்றி பெற்றால் வானத்தை நோக்கிச் சுடுகிறான். (வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு வானத்திலேயே தங்கிவிடுவதில்லை; கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.) தீபாவளிக்கு வாங்கும் ரோல் கேப் துப்பாக்கியில் தம்பியைக் குறிபார்த்து நாம் பெற்ற முதல் பாடமே, எதிரில் நிற்பவன்மேல் நீட்டு என்பதுதானே? நான் கேட்கும் பாடத்தில் சுடுவதே கிடையாது. திறப்பது, பார்ப்பது, திசை மாற்றுவது, கீழே வைப்பது, பூட்டுவது, இவ்வளவே. நீந்தத் தெரியாதவனுக்கும் கிணற்றுக்குத் தடுப்புச்சுவர் தேவை என்று தெரியவேண்டுமல்லவா?

துப்பாக்கியை மிக நெருக்கமாகப் பழகியவர்களே அதற்கு மிகவும் அஞ்சுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை சென்ற இளவேனில் வாலறிவன் சுடும் பத்து மீட்டர் காற்று ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது. அந்தப் போட்டிகளிலும் சுடாத நேரத்தில் குழலுக்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடியைச் செருகி வைக்க வேண்டும், வைக்காதவரைக் கண்டிப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் 'இது காலி' என்று தெரியவேண்டும் என்பதற்காக. உலகச் சாம்பியனுக்கே அந்த நூல் தேவைப்படும்போது, ஆண்டுக்கு ஐந்து தோட்டா சுடும் நாம் எம்மாத்திரம்?

கடைசியாக மொழி. இதைச் சொல்லும்போது அரசியல் பேசுவதாக எண்ண வேண்டாம். என்.சி.சி.யின் ஆணைச்சொற்கள் இந்தியில் உள்ளன. 1968 ஜனவரி 23ஆம் நாள் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் இவ்விந்தி ஆணைச்சொற்களுக்கு எதிர்ப்பும் அடங்கியிருந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவர். அந்த வழக்கு எப்படியோ போகட்டும்; 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்னும்போது பொருள் புரியாமல் நின்றாலும் ஆபத்தில்லை. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து நாமும் காலைச் சேர்த்துக்கொள்ளலாம். சுடும் மேட்டில் அது நடவாது. 'பர்' என்றால் நிரப்பு. 'காலி கர்' என்றால் காலி செய். 'ஜாஞ்ச் சஸ்த்ர்' என்றால் சோதனைக்குக் காட்டு. முதல்முறை தோட்டாவைக் கையில் வாங்கும் கிராமத்து மாணவி, இதயம் படபடக்கப் படுத்திருக்கும்போது, மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் தலையைத் திருப்பி 'என்ன சொன்னாங்க?' என்று பக்கத்துத் தோழியைக் கேட்பாள். தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் குழல் திரும்பும். அணிவகுப்புக்கு எந்த மொழியும் இருக்கட்டும். நிறுத்து, காலி செய், விரலை எடு, எழுந்திராதே என்னும் நான்கு ஆணைகளாவது சுடும் இடத்தில் தமிழிலும் முழங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழ் மாணவிக்குத் தமிழ். அஸ்ஸாம் மாணவிக்கு அஸ்ஸாமியம்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்த முதல் மாதத்தில் தீயணைப்புத் துறையினர் வந்து தீயை அணைக்கக் காட்டுவது போல, ஒரு பிற்பகல் போதும். தோட்டா ஒன்றும் வளாகத்துக்குள் வரவேண்டாம்; சுடமுடியாதபடி ஆக்கப்பட்ட பயிற்சி ரைஃபிள் ஒன்றே போதும். ஓய்வு பெற்ற சுபேதார்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. அழைத்தால் மகிழ்ந்து வருவார்கள். வரும்போது அவர்களிடம் மேகசீன், போல்ட் என்ற அந்த வரிசையை மட்டும் ஒவ்வொருவர் கையாலும் பத்துமுறை செய்யச் சொல்லுங்கள். நான்கு தமிழ் ஆணைகளையும் ஒரு பலகையில் எழுதி, முகாமுக்குப் போகும் லாரியில் கூடாரத்தோடு ஏற்றிவிடலாம். பலகைக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவை எங்கள் வகுப்பு மாணவர்கள் ஏற்றுக்கொள்வதாக முதல்வர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த முகாம் செப்டம்பரில்.